பழைய பெட்ரோல் காரில் ஈசிஎம் பழுதா? சோதித்து உறுதிசெய்து மாற்றும் முழு வழிகாட்டி

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ப்ளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்ப்பும் மாற்றியாயிற்று. “அப்போ ஈசிஎம்தான் போயிருக்கும்” என்கிறார் மெக்கானிக்; இன்ஜினுக்குப் பெட்ரோலும் ஸ்பார்க்கும் எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி அது. இந்த ‘அப்போ’வில்தான் பணம் வீணாகிறது. மற்றதையெல்லாம் மாற்றிவிட்டோம் என்பது ஈசிஎம் கெட்டுவிட்டதற்கு ஆதாரம் ஆகாது. அதற்குள் வரவேண்டியது எல்லாம் வந்தும், வெளியே போகவேண்டியது போகவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே அந்தப் பெட்டியின்மேல் கை வைக்க வேண்டும்.

இங்கே சொல்வது 2000-க்குப் பிறகு சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் வண்டிகளுக்கு: மாருதி 800, ஆல்டோ, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ போன்றவை. காமன் ரெயில் டீசலுக்கு இதை அப்படியே செய்யாதீர்கள். அதில் இன்ஜெக்டர் ஒயரில் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு அழுத்தம் போகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது உங்கள் வண்டியின் ஒயரிங் படம். ஈசிஎம் கப்ளரில் (ஒயர்கள் வந்து பெட்டியில் செருகும் கனெக்டர்) எந்தப் பின் எதற்கு என்று அதில் இருக்க வேண்டும். அதே மாடலில் வேறு ஆண்டுப் படத்தை நம்பினால், கரண்ட் வரும் பின்னை எர்த் என்று நினைத்து ஒயரைக் கொடுத்துவிடுவீர்கள். படம் கிடைக்கும்வரை மீட்டரைக்கூட எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இண்டிகேட்டர் பல்பில் செய்த 21 வாட் டெஸ்ட் லேம்ப், தனியாக ஒரு எல்இடி டெஸ்ட் லேம்ப், மெல்லிய ஊசிகள், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஈசிஎம்மில் உள்ள தகவலைப் படிக்கும், உங்கள் வண்டியோடு பேசக்கூடிய ஸ்கேனர்.

இரண்டு லேம்ப் எதற்கு? 21 வாட் பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். கரண்டும் எர்த்தும் பலமாக வருகிறதா என்று பார்க்க அதுதான் சரி. அதையே சென்சார் ஒயரிலோ காயில் ஒயரிலோ வைத்தால் நல்ல ஈசிஎம்மும் போய்விடும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஊசியை ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து செலுத்துங்கள். கப்ளரின் முன்பக்கத் துளையில் மீட்டர் முனையைக் குத்தினால் உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்துவிடும். முன்பு இல்லாத ஒரு லூஸ் காண்டாக்ட்டை நீங்களே உண்டாக்கிவிட்டு, அதைத் தேடி அலைவீர்கள்.

2. பேட்டரியை முதலில் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுங்கள்

வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள், இல்லையேல் வேறு பேட்டரி வையுங்கள். மோட்டார் சுற்றுவதற்குப் போதுமான கரண்ட் ஈசிஎம் விழித்திருக்கப் போதாமல் போகலாம். அந்த நிலையில் எடுக்கும் எந்த அளவும் நம்பகமில்லை.

3. சாவியை ஆன் செய்துவிட்டு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்

செல்ஃப் அடிக்க வேண்டாம். ஆன் மட்டும். மீட்டர் போர்டில் இன்ஜின் செக் லைட் எரிய வேண்டும். மெயின் ரிலே ‘டிக்’ என்று விழ வேண்டும். பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி உறுமிவிட்டு அடங்க வேண்டும். தெருச் சத்தம் இருந்தால் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வையுங்கள்.

மூன்றும் நடந்தால் ஈசிஎம்மின் மூளை உயிரோடு இருக்கிறது. ஏதாவது ஒரு இன்ஜெக்டரையோ காயிலையோ இயக்கும் பகுதி மட்டும் போயிருக்க வாய்ப்பு உண்டு. மூன்றுமே நடக்கவில்லையென்றால், அதற்குக் கரண்ட் வரவில்லை, எர்த் இல்லை, 5 வோல்ட் லைன் எங்கோ ஷார்ட், அல்லது பெட்டியே போய்விட்டது. வாய்ப்பும் ஏறக்குறைய இதே வரிசையில்தான்.

இம்மொபிலைசர் (சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் வண்டியை ஓடவிடும் திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியாக இருந்தால் அதன் விளக்கையும் பாருங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு விநாடியில் அணைந்து, ஒவ்வொரு முறையும் அதேபோல் நடந்தால், இன்னொரு சாவியைப் போட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சாவிக்குள் இருக்கும் சிப் போனாலும் இதே கதைதான்.

4. ஸ்கேனர் பேசவில்லை என்றால்

‘ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை, அதனால் ஈசிஎம் போச்சு’ என்ற முடிவு அடிக்கடி காதில் விழும். பிஎஸ்-4 (புகை விதியின் நான்காம் கட்டம்) வண்டிகளுக்கு ஓபிடி-2 என்ற பொதுவான ஸ்கேனர் முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் மலிவு ப்ளூடூத் அடாப்டர் அதோடு பேசாமல் போகலாம். முதலில் அதே மாடலில் ஓடுகிற இன்னொரு வண்டியில் அந்த ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள்.

சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் 12 வோல்ட் இருக்கிறதா, 4-லும் 5-லும் எர்த் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மியூசிக் சிஸ்டம் மாட்டியவர் அந்த ஃப்யூஸை ஊதவிட்டிருப்பது சாதாரணம்.

சில பழைய சுசூகி வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமலே, டயக்னாஸிஸ் பின்னுக்கு எர்த் கொடுத்தால் செக் லைட் சிமிட்டிக் கோட் காட்டும். 12 என்று வந்தால் குறை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். அது மட்டுமல்ல, கணக்குப் போட்டு விளக்கைச் சிமிட்டும் அளவுக்கு ஈசிஎம் வேலை செய்கிறது என்றும் தெரிந்துவிடும்.

5. கரண்ட் வருகிறதா: பாரம் கொடுத்துப் பாருங்கள்

சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரை உருவுங்கள். பிறகு பேட்டரியை மாட்டுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சாவி ஆனில் இருக்கும்போது கப்ளரை உருவினால், ரிலேயிலும் காயிலிலும் எழும் அதிக வோல்ட்டேஜ் பெட்டியை அடித்துவிடும்.

பொதுவாக மூன்று வழிகளில் கரண்ட் வரும்: பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, சாவி ஆனில் வருவது, மெயின் ரிலே வழியாக வருவது. மூன்றையும் 21 வாட் லேம்ப்பால், எர்த்துக்கு எதிராகப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிய வேண்டும். பத்துப் பதினைந்து இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12.4 வோல்ட் காட்டும். பல்ப் அப்படி ஏமாறாது, மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு குழப்பம் இங்கே வரும். பல வண்டிகளில் மெயின் ரிலேயை ஈசிஎம்மே எர்த் கொடுத்து இழுக்கிறது. கப்ளரை உருவிய பிறகு அந்த ரிலே விழாது, அந்தப் பின்னில் கரண்டும் வராது. அது பழுது இல்லை. ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டின் 30-ஐயும் 87-ஐயும் ஒரு ஒயரால் இணைத்துப் பாருங்கள். பல்ப் எரிந்தால் அந்த வழி நன்றாக இருக்கிறது.

6. எர்த்: பாதிப் பேர் தாண்டிப் போகும் படி

எர்த்தை ஓம் அளவில் சோதிக்காதீர்கள். பீப் சத்தம் வந்ததும் ‘எர்த் ஓகே’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. துரு பிடித்த போல்ட் வழியாகவும் அது போய்விடும்.

கப்ளரைத் திரும்ப மாட்டுங்கள் (நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான்). மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஈசிஎம்மின் எர்த் பின்னில் பின்பக்க ஊசி வழியாகவும், மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் வையுங்கள். க்ளாம்ப்பில் அல்ல, கம்பத்திலேயே. சாவியை ஆன் செய்து பார்த்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.5 என்று ஏறினால் சென்சார் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் ஈசிஎம் அந்த அளவுக்குத் தவறாகப் படிக்கிறது.

ஈசிஎம் எர்த் பல வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு சின்ன போல்ட்டில் முடியும். பார்வைக்கு இறுக்கமாகவே இருக்கும். கழற்றினால் வளையத்துக்கு அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும், ஒயர் நுழையும் கழுத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். எமரித் தாளில் தேய்த்து, களிம்பு ஒயருக்குள்ளும் போயிருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் புது வளையம் போடுங்கள்.

கூடவே கியர் பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் தடித்த எர்த் பட்டையையும் தேடுங்கள். கிளட்ச் வேலை முடிந்ததும் அதை மாட்ட மறந்துவிடுவார்கள். அதன்பின் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பிப் போக வழி தேடி, ஈசிஎம்மின் மெல்லிய எர்த் ஒயரிலும் ஆக்ஸிலேட்டர் கேபிளிலும் புகும். ‘கிளட்ச் மாற்றியதிலிருந்து ஈசிஎம் தொந்தரவு’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டையைத்தான்.

7. 5 வோல்ட் லைன்: நல்ல பெட்டியைச் செத்ததாகக் காட்டும் இடம்

த்ராட்டில் சென்சாருக்கும் எம்ஏபி சென்சாருக்கும் (இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது) ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. பெரும்பாலும் ஒரே லைன்தான் பிரிந்து போகும். அதில் தொங்கும் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் லைன் முழுவதும் படுத்துவிடும். செக் லைட் எரியாது, ஸ்கேனர் பேசாது. எல்லா அறிகுறியும் செத்த ஈசிஎம் போலவே இருக்கும். நல்ல பெட்டியை இழந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள்.

சாவி ஆனில் த்ராட்டில் சென்சார் கப்ளரில் பாருங்கள். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பூஜ்யமோ ஒன்று, ஒன்றரையோ இருந்தால், மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாக உருவச் சொல்லுங்கள். ஏசி பிரஷர் சென்சார் 5 வோல்ட்டில் வேலை செய்யும் வண்டியென்றால் அதையும் சேர்த்து. எதை உருவியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி.

எல்லாவற்றையும் உருவியும் வரவில்லையா? நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரையும் உருவிவிட்டு, அந்த 5 வோல்ட் ஒயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். இப்போதும் தொடர்பு காட்டினால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. மழைக்காலத்தில் எலி கடித்த இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒயர் சுத்தமாக இருந்து, 5-ஆம் 6-ஆம் படிகளும் தேறியிருந்தால் ஈசிஎம் போயிருக்கிறது என்று இங்கேயே சொல்லலாம்.

8. உள்ளே வரும் சிக்னல்

செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். இருநூறை ஒட்டி ஏதாவது எண் வர வேண்டும். பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் சிக்னல் வரவில்லை. இன்ஜின் சுற்றுவதே தெரியாதபோது ஈசிஎம் பெட்ரோலும் விடாது, ஸ்பார்க்கும் கொடுக்காது. அதன் மேல் தப்பில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் அந்தச் சென்சார் அதற்குள்ளேயே இருக்கலாம்.

கூலன்ட் வெப்பநிலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் காற்றின் வெப்பம்தான் காட்ட வேண்டும். சென்னையில் மைனஸ் 40 டிகிரி காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது.

9. வெளியே போகும் சிக்னல்

இன்ஜெக்டரின் ஒரு ஒயரில் 12 வோல்ட் நிலையாக இருக்கும். இன்னொன்றை ஈசிஎம் எர்த்துக்கு இழுத்து விடுவிக்கும். இன்ஜெக்டர் கப்ளரை உருவி, அதன் இரண்டு பின்களுக்கும் இடையே எல்இடி லேம்ப்பை வைத்து செல்ஃப் அடியுங்கள். சிமிட்டினால் அந்த இன்ஜெக்டரை இயக்கும் பகுதி நன்றாக இருக்கிறது.

சிமிட்டவில்லை, ஆனால் ஆர்பிஎம் வருகிறது என்றால், அந்த ஒயரை ஈசிஎம் வரை சோதியுங்கள். எல்பிஜி கிட் மாட்டிய வண்டியில் இன்ஜெக்டர் ஒயரை நடுவில் வெட்டி எமுலேட்டருக்கு (கேஸில் ஓடும்போது இன்ஜெக்டரை நிறுத்தும் பெட்டி) கொண்டுபோயிருப்பார்கள். வெறும் முறுக்கும் டேப்பும்தான் இருக்கும். அந்த வெட்டுகளையெல்லாம் நேராக இணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நேரெதிர் பழுதும் உண்டு: எல்இடி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், அந்த சிலிண்டரின் ப்ளக் பெட்ரோலில் நனைந்திருக்கும். உடனே அந்த இன்ஜெக்டர் கப்ளரை உருவி வைத்துவிடுங்கள். பெட்ரோல் சிலிண்டரில் தேங்கினால் ஆயிலில் கலக்கும், செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடையே வளைத்துவிடலாம். சாவியை ஆஃப் செய்து, நெகட்டிவையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றிவிட்டு, அந்த ஒயரில் எர்த் இன்னும் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இருந்தால் ஒயரிங் ஷார்ட். ஈசிஎம்மைக் கழற்றியதும் எர்த் போய்விட்டால் பழுது உள்ளேதான். இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறு எந்தச் சோதனையிலும் கிடைக்காது.

10. சூடானால் மட்டும் வரும் பழுது

காலையில் ஓடும், மதியம் நின்றுவிடும், நிழலில் அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடும். கிராங்க் சென்சாரும் இப்படிச் செய்யும், போர்டில் விரிசல் விட்ட சால்டரும் இப்படிச் செய்யும். இரண்டையும் பிரிக்க, குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் விட்டு, ஈசிஎம் பெட்டியை மட்டும் ஹேர் ட்ரையரால் மிதமாகச் சூடாக்குங்கள். கூடவே பெட்டியை விரலால் தட்டுங்கள். நின்றால் பெட்டி. நிற்கவில்லையென்றால் அதே ட்ரையரைக் கிராங்க் சென்சாரிடம் கொண்டுபோங்கள்.

11. கழற்றித் திறப்பது

பெட்டி பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே அல்லது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு எடுங்கள். கழற்றும் முன் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். கருகிய வாசனை வந்தால் எங்கோ டிரைவர் ஐசி (இன்ஜெக்டரையோ காயிலையோ இயக்கும் சிப்) வெந்திருக்கிறது. மீன் வாசனை போல வந்தால் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. 1990-களின் முற்பகுதி மிட்சுபிஷி ஈசிஎம்களுக்கு இது பேர்போன நோய். அப்புறம் கப்ளர் பின்கள் போர்டில் சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய வளையமாகக் கோடு தெரிந்தால் சால்டர் விட்டிருக்கிறது. சிலிக்கான் ஊற்றி மூடிய பெட்டியைச் சுரண்ட வேண்டாம், ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

கெப்பாசிட்டரோ ஒரு டிரைவர் ஐசியோ மட்டும் போயிருந்தால், சொந்த போர்டை ரிப்பேர் செய்வதுதான் என் முதல் தேர்வு. இம்மொபிலைசர் தலைவலியே வராது. தண்ணீர் புகுந்து தடங்கள் அரித்துப்போன போர்டில் காசு போடாதீர்கள். இன்று ஓடும், அடுத்த மழைக்கு நிற்கும்.

12. எது கொன்றது என்று தெரியாமல் அடுத்த பெட்டியை மாட்டாதீர்கள்

இன்ஜெக்டர் டிரைவர் வெந்திருந்தால் எல்லா இன்ஜெக்டரையும் ஓம் பாருங்கள். இந்த வண்டிகளில் பொதுவாக 12 முதல் 16 ஓம் இருக்கும். ஒன்று மட்டும் இரண்டு மூன்று ஓம் காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. காயில் டிரைவர் போயிருந்தால் இக்னிஷன் காயில். ஐடில் வால்வின் டிரைவர் போயிருந்தால் அந்த வால்வின் சுருள். சந்தேகமாக இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றிவிட்டே பெட்டியை மாட்டுங்கள். புதுப் பெட்டி சாவி போட்ட முதல் நிமிடத்திலேயே போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் தண்ணீர்க் கோடு இருந்தால் அது எங்கிருந்து வந்தது? முன் கண்ணாடியின் ரப்பர், வைப்பருக்குக் கீழே இலை அடைத்த வடிகால், ஏசி தண்ணீர்க் குழாய் மூன்றையும் பாருங்கள். சென்னையில் பழைய வண்டி வாங்கியவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், சேற்று வரி இருந்தால் ஒயரிங்கின் எல்லாக் கப்ளரையும் திறக்க வேண்டியிருக்கும்.

13. மாற்றுப் பெட்டி வாங்குவது

மாடல் பெயரும் ஆண்டும் ஒன்று என்பது போதாது. லேபிளில் உள்ள பார்ட் நம்பர் முழுவதும், கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். சுசூகி ஈசிஎம் எண்கள் 33920 என்றும், ஹூண்டாயில் பெரும்பாலும் 39110 என்றும் தொடங்கும். அந்த ஐந்து இலக்கம் ‘இது ஈசிஎம்’ என்று மட்டுமே சொல்கிறது. எந்த இன்ஜினுக்கு, பிஎஸ்-2வா பிஎஸ்-3ஆ என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவதில்தான் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் “கப்ளர் உட்காருது அண்ணே, ஓடும்” என்று கொடுப்பார்கள். கப்ளர் உட்காரும், உள்ளே பின்கள் வேறாக இருக்கும்.

இம்மொபிலைசர் உள்ள வண்டிக்கு வெறும் ஈசிஎம் மட்டும் வாங்கினால் ஸ்டார்ட் ஆகாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே வண்டியிலிருந்து கழற்றிய ஈசிஎம், இம்மொபிலைசர் பெட்டி, சிப் உள்ள சாவி மூன்றையும் செட்டாக வாங்குவது. இரண்டு, உங்கள் பழைய போர்டின் நினைவகச் சிப்பில் உள்ள தகவலைப் புதியதில் ஏற்றித் தரச் சொல்வது. மூளை செத்தாலும் அந்தச் சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்பதால் இரண்டாவது வழிதான் சுத்தம்.

பில் கேளுங்கள். திருட்டு வண்டிப் பாகம் இல்லை என்பதற்கும், வேலை செய்யாவிட்டால் திருப்பித் தருவதற்கும் அது ஒன்றுதான் பிடி.

14. மாட்டுவதும் அதற்குப் பிறகும்

நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். கப்ளரில் வளைந்த பின் இருக்கிறதா என்று டார்ச்சில் பாருங்கள். நேராகச் செருகி, லாக் விழும் சத்தம் கேளுங்கள். பெட்டியை அதன் இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். தொங்கவிட்டு ஓட்டினால் அதிர்விலேயே சால்டர் விடும். ஒயர் கட்டு பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பேட்டரியை மாட்டி, சாவி ஆன். செல்ஃப் வேண்டாம். மூன்றாம் படியின் மூன்று விஷயங்களும் இப்போது நடக்க வேண்டும். நடந்தால் 5 வோல்ட்டை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓடத் தொடங்கியதும் பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை சரி. 15-ஐத் தாண்டினால் உடனே அணைத்து ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், பழைய பெட்டியைக் கொன்றது அதுவாகவே இருக்கலாம்.

முதலில் ஐடில் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். ஏசி இல்லாமல் சூடாகும்வரை விட்டு, பிறகு ஏசி போட்டும் கொஞ்ச நேரம் விடுங்கள். பல வண்டிகள் தாமாகவே ஐடிலைக் கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் அதற்கென்று ஒரு மெனு இருக்கும். பதிவான கோட்களை அழித்துவிட்டு, ட்ராஃபிக்கிலும் ஹைவேயிலும் ஓட்டி வந்து ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோலை ஈசிஎம் எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது) பாருங்கள். நீண்ட கால ட்ரிம் பத்து சதவீதத்துக்குள், கூட்டலோ கழித்தலோ, இருந்தால் போதும். 20-ஐ நெருங்கினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது அந்த ஈசிஎம் உங்கள் இன்ஜினுக்கு உரியதில்லை. எண்ணை மறுபடி சரிபாருங்கள்.

கழற்றிய பெட்டியைக் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் விட்டுவராதீர்கள். புதுப் பெட்டியும் ஒரு நாள் போனால், உங்கள் சாவிக்குப் பொருந்தும் தகவலை எடுக்க அந்தப் பழைய போர்டு வேண்டியிருக்கும். வண்டி எண்ணை எழுதி ஒட்டி, காற்றுப் புகாத கவரில் போட்டு வீட்டில் வையுங்கள்.